நல்கா என்றொரு துறை

அச்சாவோ படகுத்துறையில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
டிக்கெட் அறையின் விறகடுப்பருகே
என் காலுறைகள் காய்கின்றன.
மணி நாலேகால். ஏழுக்குப் படகு.
நேற்று மாலை சர்வரை மாற்றினேன்.
அப்போதிலிருந்து எங்கள் முன்பதிவுத் தளம்
ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறது:

துறை எண்ணில் பிழை.
"நல்கா" என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை.

துறை எண் எனக்குத் தெரியாததா?
ஐந்து நான்கு மூன்று இரண்டு.
செட்டிங்ஸில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.
அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதினேன்,
பூட்டிய கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பவளாக.
மேற்கோள் குறிக்குள் வைத்தேன். வெளியே எடுத்தேன்.
ஃபயர்வாலைத் திறந்தேன்.
டேட்டாபேஸின் கதவை நேரே போய்த் தட்டினேன்,
"விழித்துத்தான் இருக்கிறேன்" என்றது.
உள்ளே விடுவாயா என்று நான் கேட்கவில்லை.

நல்காவைத் தேடினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள், ஒன்றிலும் இல்லை.
பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளைத்
தேடல் எட்டிப் பார்ப்பதில்லை.
தெரியும். அந்த நேரத்துக்குத் தெரியவில்லை.

ஐந்தரைக்கு எலியூத்தேரியோ வந்தார்,
தொப்பியிலிருந்து தண்ணீரும் அக்குளில் நோட்டுப் புத்தகமுமாக.
என்னவாம் உன் பெட்டிக்கு, என்றார்.
திரையில் இருந்ததை உரக்கப் படித்தேன்.
எங்கள் மொழியில் இரண்டு துறைக்கும்
ஒரே சொல்தான்.
அவர் விரல் மடக்கினார்:
அலாவோ, அப்பியாவோ, சவுலினெக்...
முப்பத்தொரு வருஷமாகக் கயிறு வீசுகிறேன்,
நல்கா என்று ஒரு துறை கிடையாது.
அது இலை, அம்மா. குடை அகலம் வரும்.
தண்டை உரித்து உப்புத் தொட்டுத் தின்பது.

இலை.

யார் இலையின் பெயரை வைப்பார்கள்?
ஒர்யெட்டா வைப்பாள்.
வேலையை விட்டுத் தெற்கே போகுமுன்
அவள் அனுப்பிய முகவரி வரியை
படிக்காமல் ஒட்டியிருந்தேன்.
திரையின் விளிம்பைத் தாண்டி ஓடும் வரி அது.
வலப்பக்கம் நகர்த்தினேன், நகர்த்தினேன்:
பயனர் பெயர், முக்காற்புள்ளி,
நல்கா, ஒரு ஹேஷ்,
அப்புறம் அவள் பூனை பிறந்த வருஷம்.

ஹேஷைக் கண்டதும்
முகவரி முடிந்தது என்று கிழித்துவிட்டது இயந்திரம்.
கையில் மிஞ்சிய துண்டில்
முக்காற்புள்ளிக்குப் பின்னால் நல்கா நின்றது.
அந்த இடத்தில் நிற்பது துறை எண் என்பது அதன் படிப்பு.
பாவம், பொய் சொல்லவில்லை.
பாஸ்வேர்டில் பாதியை இரவெல்லாம்
என் முகத்துக்கு நேரே வாசித்திருக்கிறது.

ஒர்யெட்டாவைத் திட்ட வாயெடுத்தேன்.
பாஸ்வேர்டில் ஒரு சிறப்புக் குறி கட்டாயம் என்று
எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது நான்தான்.

ஹேஷ் இருந்த இடத்தில்
சதவீதக் குறி, இரண்டு, மூன்று.
சேமித்து மறுபடி இயக்கினேன்.
பயணிகள் என்று ஒரு டேபிளே இல்லை, என்றது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பிழை மாறியிருக்கிறதே!
காலி வீட்டுக்குள்தான், ஆனாலும் உள்ளே வந்துவிட்டேன்.
மைக்ரேஷனை ஓடவிட்டேன்,
பழைய பதிவுகளை ஒவ்வொரு மூட்டையாக ஏற்றினேன்.

படகு சங்கு ஊதியபோது
எண்பத்தொன்பது சதவீதம்.
எலியூத்தேரியோ பென்சிலை நாக்கில் தொட்டு எழுதி முடித்திருந்தார்:
ஆட்கள் பத்தொன்பது, விதைக் கிழங்கு இரண்டு மூட்டை,
குளிர்பதனப் பெட்டி ஒன்று, நின்றபடி.

ஏழு இருபதுக்குத் தளம் எழுந்தது.
போய்விட்ட படகில் இன்னும்
நாலு இடம் இருப்பதாகக் காட்டியது.

காலுறையின் ஒரு குதிகால் கருகியிருந்தது.
மாட்டிக்கொண்டு உட்கார்ந்து,
அந்த வரிக்கு மேலே
அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன்.
இந்தக் கோப்பில் குறிப்பு எழுத
முதலில் ஒரு ஹேஷ் போட வேண்டும்.
அதற்கப்புறம் இருப்பதை
இயந்திரம் படிக்காது.